இடது காலால் கிளம்பும் வண்டி

மில்லர் ஓடை,
கிப்ஸ்லாந்து.
அக்டோபர் 14

அன்புள்ள நெவிலுக்கு,

கிளெனிஸ் எழுதுகிறேன். இங்கே நானும் நாயும் சுகம். நீ சுகமா என்று கேட்டால் "இருக்கேன்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவாய், அதனால் கேட்கவில்லை. ஃபோனில் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நீ என்னைப் பேசவிடுவதில்லை. கடிதத்தை நடுவில் வெட்ட முடியாதே, அதனால்தான் பேனாவை எடுத்தேன். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

நீ அனுப்பிய விற்பனைப் படிவம் வந்து சேர்ந்தது. உன் கையெழுத்து இருக்கிறது. என் கையெழுத்துக்கான இடம் காலியாக இருக்கிறது, இப்போதைக்கு அப்படியேதான் இருக்கும். "ஒத்தக்காலனுக்குப் பதினோரு ஏக்கர் மேட்டுக்காடு எதுக்கு?" என்று நர்ஸிடம் கேட்டாயாம். பக்கத்தில் நின்ற ட்ரூடி சொன்னாள். பெற்ற மகளிடம் இதைக்கூட ஒளிக்கத் தெரியவில்லை உனக்கு. உன் புதுச் செயற்கை இடதுகால் பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது என்பதையும் அவள்தான் சொன்னாள். மருத்துவமனை அலமாரியில் வைக்க இடமில்லையா?

இங்கே புல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வசந்தத்தில் மழை விடாமல் பெய்தது. வீட்டுக்குப் பின்னால் நாய் போனால் வால் நுனி மட்டும்தான் தெரிகிறது. கவுன்சிலிலிருந்து தீத்தடுப்பு நோட்டீஸும் வந்துவிட்டது. வெயில் காலம் தொடங்கும் டிசம்பர் முதல் தேதி அதிகாரி வருவார். அதற்குள் வீட்டையும் கொட்டகையையும் சுற்றிப் புல் நாலு விரற்கடைக்கு மேல் இருக்கக் கூடாது. வருஷா வருஷம் வரும் நோட்டீஸ்தான். வருஷா வருஷம் நீ வெட்டினாய், நான் டீ கொண்டுவந்து கொடுத்தேன்.

மே மாதம் குட்டைக்கரையில் உன்னோடு உருண்ட பழைய சிவப்புப் புல்வெட்டும் வண்டியை மெர்வ் வந்து பழைய இரும்புக்கு இழுத்துக்கொண்டு போனார். வேலிக்கு அந்தப் பக்கம் முப்பது வருஷமாக இருக்கும் மனிதர், அன்றைக்குக் கதவைக்கூடத் தட்டவில்லை. நானும் வெளியே வரவில்லை. சமையலறையில் நின்று கேக் சுட்டேன். அது அடிப்பிடித்துவிட்டது.

ஒரு பந்தயம் வைத்துக்கொள்வோம், நெவ். மேட்டுக்காட்டுக்கு ஏற்ற வண்டியாக நானே பார்த்து வாங்குகிறேன். நானே ஓட்டுகிறேன். கூலிக்கு ஆள் வைக்க மாட்டேன். அதிகாரி வந்து பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் விற்பனைப் பேச்சு இருக்கக் கூடாது. முடியாமல் போனால் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஏற்றுக்கொள்கிறாயா?

நன்றாகச் சாப்பிடு. மருத்துவமனைச் சூப்பைக் குறை சொல்லிக்கொண்டே குடித்துவிடு, வீட்டில் செய்வதுபோல.

உன்,
கிளெனிஸ்

*

மில்லர் ஓடை
நவம்பர் 5

அன்புள்ள நெவிலுக்கு,

உன் பதில் கிடைத்தது. நாலு வரி. "சரி. டிசம்பர் ஒன்று. அதற்குப் பிறகு கையெழுத்து. கரைப் பக்கம் போகாதே." கடைசி வரியை மட்டும் பத்துத் தடவை படித்தேன். முதல் மூன்று வரிகளை எழுதிய ஆள்மேல் எனக்குக் கோபம். நாலாவதை எழுதியவனைத்தான் கட்டிக்கொண்டேன்.

வண்டி வாங்கப் போவதற்கு முன்னால் நிலத்தை நடந்து பார்த்தேன். நீ இத்தனை வருஷம் எல்லாவற்றையும் தலைக்குள் வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறாய். கல் எங்கே, வெட்டிய மரத்தின் அடிக்கட்டை எங்கே என்று எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் குச்சி நட்டு, காலிப் பால் புட்டிகளைக் கவிழ்த்துக்கொண்டே போனேன். கல்லுக்கு ஒன்று, கட்டைக்கு ஒன்று, வொம்பேட் பிராணி வளை தோண்டிய குழிக்கு இரண்டு. மொத்தம் அறுபத்தொரு புட்டி. நாலு நாள் ஆயிற்று. மேக்பை பறவை ஒன்று குஞ்சு பொரித்துவிட்டு என் தலையையே குறிவைத்துக் கொத்த வந்தது. உன் பழைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நடந்தேன். மெர்வ் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "என்ன கிளெனிஸ், பால் புட்டி பயிர் போட்டிருக்கியா? அறுப்பு எப்போ?" என்று கேட்டார். அறுப்புக்கு அவரைத்தான் கூப்பிடுவதாகச் சொன்னேன். மனிதர் அடுத்த நிமிஷமே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

இனி சொல்வதைக் கோபப்படாமல் படி. ஒரு தப்புச் செய்துவிட்டேன்.

டவுனில் புல்வெட்டும் வண்டி விற்கும் ஸ்டான் பிக்கட் கடைக்குப் போனேன். வரிசையாக வண்டிகள். ஸ்டான் பொறுமையாக ஒவ்வொன்றாகக் காட்டினார். என் கண் ஒன்றின் மேலேயே நின்றது. நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும் வண்டி. ஸ்டியரிங் கிடையாது, மிதி கிடையாது. இரண்டு கைக்கும் இரண்டு லீவர், எல்லாமே கையால்தான். ஏன் அதைப் பார்த்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கால் வேண்டாத வண்டி, அவ்வளவுதான் யோசித்தேன்.

ஸ்டான் தலையை ஆட்டினார். சமதரைக்கு இது ராஜா, மேட்டுக்கு ஆகாது என்றார். நான் கேட்கவில்லை. எனக்கு இதுதான் வேண்டும் என்று பிடித்த பிடியில் நின்றேன். அப்போது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நீ நிலத்துக்கு வண்டி பாக்கல கிளெனிஸ். நெவிலுக்கு நாற்காலி பாக்கறே."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. சரி, உன் நிலத்துக்கே கொண்டுவருகிறேன், நீயே ஓட்டிப் பார் என்று மறுநாள் டிரெய்லரில் ஏற்றி வந்து இறக்கினார். காலை எட்டு மணி, புல்லில் பனி காயவில்லை. வீட்டு முன்னால் சமதரையில் வழுக்கிக்கொண்டு போயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தெம்பில் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் சரிவில் ஏற்றினேன். பாதி ஏறியதும் பின்சக்கரம் பிடியை விட்டது. முன்சக்கரங்கள் இரண்டும் கடையில் சாமான் தள்ளும் வண்டிச் சக்கரம் மாதிரி தம் இஷ்டத்துக்குத் திரும்பின. லீவரை எப்படி இழுத்தாலும் வண்டி பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே போயிற்று. மெர்வின் வேலிக்கம்பத்தில் போய் இடித்து நின்றது. கம்பம் சாய்ந்தது, எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. பயப்படாதே.

ஆனால் அந்தச் சில நொடிகள், நெவ். மே மாதம் அந்தக் குட்டைக்கரையில் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. "கரை காடா கெடக்கு, மத்தியானம் விருந்தாளிங்க வர்றாங்க" என்று அன்று காலை உன்னைப் புல் வெட்ட விரட்டியது நான்தான். ஆறு மாதமாக இதை உன்னிடம் சொல்லவில்லை. நீயும் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

ஸ்டான் ஓடிவந்து கைகொடுத்து இறக்கினார். "நான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லாத மனிதர் இந்த ஜில்லாவில் அவர் ஒருவர்தான் இருப்பார். நான்தான் சொன்னேன், நீங்கள் சொன்னது சரி, இனி நிலத்தைப் பார்த்தே வாங்கலாம் என்று. இருவரும் டீ குடித்தோம். பிறகு பால் புட்டிகளுக்கு நடுவே அவரைக் கூட்டிக்கொண்டு போய் மேடு பள்ளமெல்லாம் காட்டினேன். குட்டைக்கரைக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். எந்த வண்டி வாங்கினாலும் இதில் ஏற்றாதே, இது வண்டிக்கான இடமே இல்லை என்றார். எதை வெட்டக் கூடாது என்று முடிவு செய்வதுதான் முதல் வேலையாம். நமக்கு முப்பது வருஷமாக அது தோன்றவில்லை.

மெர்வின் கம்பத்தை நானே நிமிர்த்தி நட்டுக்கொடுத்தேன். முன்பைவிட நேராக நிற்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். இன்னும் இருபத்தாறு நாள் எனக்கு இருக்கிறது.

உன்,
கிளெனிஸ்

*

மில்லர் ஓடை
டிசம்பர் 1, மாலை

அன்புள்ள நெவிலுக்கு,

முதலில் செய்தி. அதிகாரி வந்து போய்விட்டார். மற்றதையெல்லாம் நிதானமாகப் படி.

வாங்கிய வண்டி இதுதான். பார்ப்பதற்குச் சின்ன டிராக்டர் மாதிரி இருக்கும், தாழ்வாக, அகலமாக. தலைக்குப் பின்னால் கனத்த இரும்பு வளைவு, இடுப்புக்குப் பெல்ட். உருண்டாலும் ஆளை நசுக்காது. பிடி விட்டுப்போகும் இடத்தில் பின்சக்கரம் இரண்டையும் ஒன்றாகச் சுற்றவைக்க ஒரு பூட்டு இருக்கிறது. பிளேடு கட்டையில் பட்டால் வளைந்து போகாமல் பின்வாங்கிக்கொள்கிறது. முன்னே பின்னே போக வலது தொடைப் பக்கத்தில் ஒரு கைப்பிடி. கியர் தொல்லை இல்லை. நிறம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை, கடுகு மஞ்சள்.

மூன்று வாரமும் காலை எட்டிலிருந்து பத்து வரைதான் வெட்டினேன். பத்துக்கு மேல் வெயில் ஏறிவிட்டால், கல்லில் பிளேடு பட்டு ஒரு பொறி பறந்தாலும் போதும், ஊரே என்னை ஜென்மத்துக்கும் மன்னிக்காது. முதுகில் தண்ணீர்த் தெளிப்பான் தொங்கிக்கொண்டே இருந்தது. சரிவில் நேராக ஏறினேன், நேராக இறங்கினேன். குறுக்கே ஒரு தடவைகூட ஓட்டவில்லை. நீ குறுக்கேதான் ஓட்டுவாய்; வந்ததும் அதைப் பற்றி நமக்குள் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.

முதல் வாரம் வரிகள் குடிகாரன் போட்ட கோலமாக இருந்தன. இரண்டாவது வாரம் இடுப்பு வலி தாங்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். மூன்றாவது வாரம் பாடிக்கொண்டே ஓட்டினேன். நாய் கொட்டகைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது, அது வண்டிச் சத்தத்தால் என்று நினைத்துக்கொள்கிறேன். குட்டைக்கரைக்கு மெர்வின் ஆறு செம்மறிகளை வாங்கி விட்டு வேலி கட்டிவிட்டேன். இப்போது அங்கே புல் கணுக்கால் அளவுதான். அந்தக் கரையில் இனி எந்த மனுஷனும் ஏற வேண்டாம்.

இன்று காலை பதினோரு மணிக்கு அதிகாரி வந்தார். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண். கையில் அளவுகோல். கொட்டகையைச் சுற்றி, வீட்டைச் சுற்றி, விறகுச் சரிவுவரை நடந்தார். நான் இரண்டடி பின்னாலேயே நடந்தேன். கடைசியில் பால் புட்டிகளைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவரோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "இந்த ரோட்டுல இருபத்திரண்டு வீடு பாத்தாச்சு. இப்படி யாரும் வெட்டி வைக்கல. யாரு வெட்டினது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன், நெவ். அறுபத்து நாலு வயதில் அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? வெட்கமில்லாமல் எழுதுகிறேன். பெருமையோ பெருமை. அவர் கார் வளைவைத் தாண்டும்வரை நிமிர்ந்து நின்றேன். அப்புறம் படியில் உட்கார்ந்து அழுதேன்.

பந்தயத்தில் நான் ஜெயித்தாயிற்று. படிவத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், என் இடம் காலியாகவே இருக்கிறது. நீ சொன்ன சொல் தவறாதவன் என்பதால் கிழித்துப் போடவில்லை. கிழிப்பது உன் வேலை.

இன்னும் ஒன்று. இந்த வண்டிக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. இடது காலால் பிரேக்கை அழுத்தி மிதித்தால்தான் இஞ்சின் கிளம்பும். மிதிக்காவிட்டால் சாவியை எத்தனை திருப்பினாலும் பேசாமல் நிற்கும். வாங்கும்போதே எனக்குத் தெரியும். மெர்வ் பார்த்த உடனேயே புரிந்துகொண்டார், அவருக்கு உன்மேல் எவ்வளவு பிரியம் என்று உனக்குத் தெரியாது. வெல்டிங் பெட்டியைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். "அரை மணி நேர வேலை கிளெனிஸ். மிதிய எடுத்துட்டுக் கைக்கு ஒரு லீவர் வச்சுத் தந்துடறேன். நெவ்வுக்கு சுலபமா இருக்கும்" என்றார்.

ஸ்டான் நாற்காலி என்று சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. மெர்வுக்கு நன்றி சொன்னேன். பெட்டியைத் திறக்கவே வேண்டாம் என்றேன்.

"வேணாம் மெர்வ். அவன் காலைப் போட்டுக்கிட்டு வருவான்" என்றேன்.

மெர்வ் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சரி என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இப்போது ஊரில் எல்லோருக்கும் தெரியும், நான் அப்படிச் சொல்லிவிட்டேன் என்று. தபால்காரர்கூடக் கேட்டார், நெவ் எப்போது வருகிறார் என்று. என் மானம் உன் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது.

இருக்கையை உன் உயரத்துக்குத்தான் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன். எனக்குக் கால் எட்டாமல் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன். தலையணை நைந்துவிட்டது. மழை பெய்தால் பத்து நாளில் புல் மறுபடி வளர்ந்துவிடும்.

குனிந்து எடு, நெவ். நல்லபடியாக இரு.

காத்திருக்கும்,
கிளெனிஸ்