சினிமாவில் நான் குடித்த தண்ணீர்

பேரிகை
3-8-2025

வீரலட்சுமிக்கு,

சாந்தம்மா எழுதுகிறேன். நல்லா இருக்கிறாயா என்று இந்தக் கடிதத்தில் கேட்கமாட்டேன். கேட்கிற மனசு இல்லை. போனில் பேசினால் "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்றே என் வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் பேத்தி நோட்டில் தாளைக் கிழித்து எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்த எழுத்துதான். திட்டுவதற்கு இது போதும்.

நீ எழுதின படம் பார்த்தேன். என் மகன் கோபி டிவியில் போட்டுக் காட்டினான்.

நான் எப்போதடி தண்ணீர் குடித்தேன்?

என் வீட்டு முன் அறையில் நாலு வருஷம் குடியிருந்தாய். கம்பெனி பஸ்ஸில் போய் போன் பாகம் பொருத்திவிட்டு வந்து, சாப்பிடும்போதெல்லாம் என் வாயைக் கிளறினாய். சொன்னேன். நீ புத்தகமாக எழுதினாய். எழுத்துக் கூட்டி நாலு மாசம் படித்தேன். பேரை மாற்றியிருந்தாய், ஊருக்கெல்லாம் தெரியும் அது நான்தான் என்று. ஆனாலும் குறை சொல்லவில்லை. ஏனென்றால் அதில் நான் குடிக்கவில்லை.

மறந்திருந்தால் மறுபடி சொல்கிறேன். தொண்ணூற்று நாலு, சித்திரை, வியாழக்கிழமை. கோபி கைக்குழந்தை, வாந்தி பேதி. வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் இல்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் இருந்த ஒரே கிணறு, பாகம் பிரித்தபோது என் வீட்டுக்காரரின் அண்ணன் பக்கம் போய்விட்டது. குடத்தோடு போனேன். உருளையில் கயிறு இல்லை. அண்ணன் பெண்டாட்டி மாதேஸ்வரி, கதவைப் பாதி திறந்து, "கயிறு இல்ல, போ" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். பச்சைப் புடவை, இடது தோளில் கிழிசல். உள்ளேயிருந்து நார் பொசுங்குகிற வாசனை வந்தது. அடுப்பெரித்து வெந்நீர் போடுகிறாள், என் பிள்ளைக்கு ஒரு வாய் கிடையாது என்று நினைத்தேன்.

அன்றைக்கு விட்டதுதான். அவள் வீட்டுக் காதுகுத்துக்குப் போனேன், அவள் புருஷன் சாவுக்குப் போனேன், இலை போட்டால் உட்கார்ந்தேன். பக்கத்தில் வைத்த தண்ணீரை மட்டும் தொட்டதில்லை. விக்கலெடுத்துக் கண்ணில் நீர் வந்தபோதும் தொடவில்லை. "சோறு தண்ணியிலதானே வேகுதும்மா?" என்று நீகூடக் கிண்டல் செய்தாய். புத்தகத்தில் இதற்கு நாற்பது பக்கம் கொடுத்தாய்.

சினிமாவில் என்ன செய்தாய்? மழை கொட்டுகிறது, அவள் சொம்பை நீட்டுகிறாள், நான் குடித்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். பாட்டு வேறு. அந்த நார் வாசனை எங்கே போயிற்று? நாற்பது பக்கம் எங்கே?

பதில் எழுது. போன் பண்ணாதே.

சாந்தம்மா


சென்னை
12-8-2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் நீங்கள் எதிரில் இடுப்பில் கைவைத்து நிற்கிற மாதிரிதான் இருந்தது. திட்டுங்கள். ஆனால் என் பக்கத்தையும் கேளுங்கள்.

"இருபத்தெட்டு வருடம் அவள் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை" என்று புத்தகத்தில் அந்த நாற்பது பக்கத்தையும் ஒரே வரியில் ஆரம்பித்துவிட்டேன். படிக்கிறவர் அந்த வருடங்களைத் தானே நிரப்பிக்கொள்கிறார். படத்தில் ஒரு பெண் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பதைக் காட்டினால், "அவளுக்குத் தாகமில்லை போல" என்று நினைத்துவிடுகிறார்கள். உங்கள் மனதுக்குள் ஓடுவதைக் காட்ட வழியில்லை. செய்வதைத்தான் காட்ட முடியும். நீங்களோ எதையும் செய்யாமலிருப்பதையே செய்துகொண்டிருந்தவர்.

வாசனைக்காக நான் இரண்டு நாள் சண்டை போட்டேன். "அதுக்கு என்னங்க அர்த்தம்? அந்த வாசனையால கதையில என்ன நடக்குது?" என்று இயக்குநர் மோகன்குமார் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள் சொன்னீர்கள், அதனால் எழுதினேன், அவ்வளவுதான். "அப்ப வேணாம்" என்று அடித்துவிட்டார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. நீங்கள் குடித்த காட்சி அவருடையது இல்லை. என்னுடையது. நான் முன் அறையில் இருந்த நாலு வருடமும், சுவருக்கு அந்தப் பக்கம் மாதேஸ்வரி அம்மாவும் இந்தப் பக்கம் நீங்களும் இருமிக்கொண்டிருப்பதைக் கேட்டவள். ஒரே ஒரு தடவை நீங்கள் குடித்துவிட்டால் எப்படி இருக்கும் என்று ஆசைப்பட்டேன். புத்தகத்தில் துணியவில்லை.

முட்டிவலித் தைலம் வாங்கி அனுப்பியிருக்கிறேன். கோபத்தில் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

உங்கள்
வீரா


பேரிகை
21-8-2025

வீரலட்சுமிக்கு,

தைலம் வந்தது. போட்டுக்கொள்ளவில்லை.

உன் ஆசையை என் தலையில் கட்டினாயே, என்ன ஆயிற்று தெரியுமா? மாதேஸ்வரி மாலூர்ப் பக்கத்துப் பெண். பேசுகிறது தமிழும் கன்னடமும் கலந்து, படிக்கிறது கன்னடம் மட்டும். அதனால் உன் புத்தகம் வந்து மூன்று வருஷமாகியும் அவளுக்கு ஒன்றும் தெரியாது. என் மனசில் இருந்தது என் வீட்டுக்குள்ளேயே இருந்த மாதிரி இருந்தது. படம் அப்படியா? தெருவில் அவிழ்த்துவிட்ட மாடு. கன்னடத்தில் குரல் மாற்றிப் போட்டிருக்கிறார்களாமே. அவள் மருமகள் நிர்மலா போட்டுக் காட்டியிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை காலை. கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் அவள், கையில் சொம்போடு. எழுபத்திரண்டு வயசில் தளும்பத் தளும்பத் தூக்கி வந்திருக்கிறாள்.

"சாந்தா, பாத்தேன்டி. தகோ, எடுத்துக்கோ, நீரு குடி."

"யாரு குடிச்சது?"

"நீதான். மழையில நின்னுட்டு, என்னைக் கட்டிப் புடிச்சு அழுதியே."

"அது நடிக்கிறவ."

"கதை உன்னுதுதானே? உன்னைக் கேட்டுத்தான் அந்தப் பொண்ணு எழுதினாளாம், நிர்மலா சொன்னா. நீ சொல்லாமயா எழுதுவா? நேர்ல சொல்லக் கூச்சப்பட்டுட்டு சினிமால சொல்லி அனுப்பியிருக்கேன்னு நெனச்சேன்."

கதவைச் சாத்தினேன். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அவள் எனக்குச் சாத்தினாள், இப்போது கணக்கு நேர் என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அவள் சொம்பை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். மதியம் வரை இருந்தது. காக்கா வந்து குடித்தது. வேண்டுமானால் அதைப் படம் எடு.

நான் மன்னிக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்படி நீ ஏதாவது செய்யவேண்டும். படத்தின் முன்னால் சாராயம் கேடு என்று எழுதிப் போடுகிறீர்களே, அதே மாதிரி எழுதிப் போடு: "சாந்தம்மா குடிக்கவில்லை."

சாந்தம்மா


சென்னை
30-8-2025

அன்புள்ள அம்மாவுக்கு,

என்னை மன்னியுங்கள். இப்படி ஆகும் என்று நான் நினைக்கவே இல்லை. நானே பேரிகைக்கு வந்து மாதேஸ்வரி அம்மாவிடம் நடந்ததைச் சொல்லட்டுமா? அடுத்த வாரம் இரண்டு நாள் விடுப்பு கிடைக்கும்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன், கோபிக்காதீர்கள். படம் நன்றாக ஓடுகிறது. இரண்டாம் பாகம் கேட்கிறார்கள். மாதேஸ்வரி அம்மா சொம்போடு வந்ததை மோகன்குமாரிடம் சொன்னேன். எழுந்து நின்றுவிட்டார். "இதுதான் ஆரம்பம்" என்கிறார். கதவைச் சாத்தியபோது அவர்கள் முகம் எப்படி இருந்தது? அதற்குப் பிறகு ஏதாவது சொன்னார்களா? உங்களுக்கு எதுவும் மறக்காதே, அதனால்தான் கேட்கிறேன்.

உங்கள்
வீரா


பேரிகை
14-9-2025

வீரலட்சுமிக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. என் வாசற்படியில் நடந்தது உனக்கு ஆரம்பமா? நான் அழுது எழுதினால் நீ அவனை எழுந்து நிற்க வைக்கிறாயா?

பதிலே போடக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நீங்கள் வெட்டிப்போட்டது என்ன என்று உனக்குத் தெரியணும். அதற்காகத்தான் சொல்கிறேன், எழுதுவதற்கு இல்லை.

மாதேஸ்வரி அக்கா போன வெள்ளிக்கிழமை மறுபடி வந்தாள். சொம்பு இல்லை, வெறுங்கை. நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். படத்துல என்னை ஆறு தடவ சிரிக்க வெச்சிருக்காங்க. அன்னிக்கு நான் சிரிச்சனா சாந்தா?"

"சிரிச்சே. நான் பார்த்தேன்."

"அன்னிக்கா? அன்னிக்கு எனக்கு எங்கிருந்து சிரிப்பு வரும்?"

முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"எம் பொண்ணு பூங்கொடி கிணத்துக் கயித்தை உருவிட்டு வந்து உத்தரத்துல போட்டுட்டா. நான் உள்ள வர்றதுக்கு இன்னும் கொஞ்சம் நேரமாயிருந்தா பொண்ணு இல்ல. அறுத்து அடுப்புல வெச்சு எரிச்சிட்டு இருக்கேன், நீ குடத்தோட வர்றே. அவ மூலையில குந்திட்டு நடுங்கிட்டு இருக்கா. அவளுக்கு மாப்பிள்ளை பேசிட்டு இருந்த சமயம். கயிறு இல்லன்னேன். இல்லதானே?"

"எனக்கும் சொல்லலியே. முப்பத்தொரு வருஷம்."

"நீ எதையும் மறக்க மாட்டியே, அதுக்குத்தான் பயந்தேன். ஒரு சண்டையில உன் வாயில வந்துட்டா?"

பூங்கொடி அவள் மூத்த மகள். கல்யாணமாகி, நன்றாக வாழ்ந்து, போன கார்த்திகையில் நோயில் போனாள். இனிமேல் மறைக்க ஆள் இல்லை என்றுதான் அக்கா வாயைத் திறந்தாள். பூங்கொடியின் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதை நீ மறந்துவிடாதே.

என் ஞாபகத்தைப் பற்றி ஊரே பேசும். எனக்கும் அதில் திமிர்தான். கிழிசல் எந்தத் தோளில் என்று சொல்வேன். ஆனால் புகையில் நிற்கிறவள் கண்ணைச் சுருக்கினால் வாய் அப்படித்தான் ஒரு பக்கம் இழுக்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாள் நினைத்தேனா? நான் சிரிப்பு என்று சொன்னேன். நீ சிரிப்பு என்று எழுதினாய். படத்தில் அதை முகம் நிறையக் காட்டினார்கள். மூன்று பேரும் சேர்ந்து அவளைச் சிரிக்க வைத்துவிட்டோம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த வாசனை என்ன என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. தெரியாமலேயே நான் சொன்னேன், தெரியாமலேயே நீ புத்தகத்தில் விட்டுவைத்தாய். யாராவது ஒரு நாள் கண்டுபிடிக்கட்டும் என்று அது அங்கேயே கிடந்தது. உன் சினிமாக்காரன் அர்த்தம் கேட்டான், பதில் இல்லை, அடித்துவிட்டான். உண்மை முழுக்க அதில்தான் இருந்தது. அவனிடம் இதைச் சொல்லாதே. சொன்னால் மறுபடி எழுந்து நிற்பான்.

இரண்டாம் பாகம் வேண்டாம். புத்தகமும் வேண்டாம். இதை நீ எழுதினாய் என்று எனக்குத் தெரிந்தால், நான் முப்பத்தொரு வருஷம் கோபத்தை வைத்துக்கொள்ளக்கூடியவள் என்பது உனக்கே தெரியும். எனக்கு வயசு அறுபத்தொன்பது. இருந்தாலும் முயற்சி செய்வேன்.

அக்கா கிளம்பும்போது நான் தண்ணீர் குடித்தேனா, அவள் வீட்டுக்குப் போனேனா என்று உனக்கு இப்போது தெரியவேண்டும். நாக்கு நமநம என்கிறது, இல்லையா? சொல்லமாட்டேன். என்னிடம் இருப்பதே அது ஒன்றுதான், அதை வைத்துக்கொள்கிறேன்.

முன் அறைக்குப் புதுசாக ஒரு பெண் வந்திருக்கிறாள். மோகனப்ரியா, மதுரைப் பக்கம். "எழுதுவியா?" என்று முதலில் அதைத்தான் கேட்டேன். "வாட்ஸ்அப் மட்டும்தாங்க" என்றாள். சாவியைக் கொடுத்துவிட்டேன்.

தைலம் போடுகிறேன். அக்காவுக்கும் முட்டிவலி, ஆளுக்குப் பாதி.

நீ வரலாம். சோறு உண்டு. கதை கிடையாது.

சாந்தம்மா