ஒன்றரை டன்

ஏப்ரல் 6, ஞாயிறு. இலத்தூர்

விடிந்ததும் நாலு வரி எழுதும் பழக்கம் மட்டும் குவைத்திலிருந்து என்னோடு வந்து சேர்ந்துவிட்டது. வேறு எதுவும் இன்னும் ஊரோடு ஒட்டவில்லை. ஒரேயடியாக வந்து ஒரு மாதமாகிறது. இருபது வருஷத்துக்கு மேல் சரக்குக் கிட்டங்கியில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியவன், இடுக்கிலும் இடிக்காமல் திருப்புவேன். இந்த வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இடைஞ்சலாக நிற்கிறேன். நேற்று தண்ணீர் எடுக்கப் போய் மனைவி உமா மேல் மோதிக்கொண்டேன். "நீங்க உக்காருங்க, நான் தாரேன்" என்றாள். விருந்தாளியிடம் அப்படித்தானே சொல்வோம்?

தூக்கமும் இல்லை. அங்கே ஒரு அறையில் ஆறு பேர் படுத்திருந்தோம். ஏசிக்கு நேர் கீழே என் கட்டில். அந்த உறுமல் இல்லாமல் இப்போது கண் மூட மாட்டேன் என்கிறது. போதாததற்கு மொட்டை மாடி வேறு, பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரி என் தலையில் இறக்குகிறது.

ஏப்ரல் 9, புதன்

சின்ன அறையைப் பற்றி எழுதிவிடுகிறேன். யாரிடம் சொல்ல?

நான் வந்து இறங்கிய அன்றே அங்கே கட்டில் போட்டிருந்தது. புது மெத்தை, புதுத் தலையணை, கதவுக்கு உள்தாழ்ப்பாள்கூடப் புதிது. முன்பு லீவில் வந்தால் பெரிய அறையில்தான் படுப்போம், நடுவில் பையன் அபி. அவன் இப்போது கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறான். பெரிய அறையில் உமாவின் தையல் மிஷின் இருக்கிறது, கொடி நிறையத் தைத்து முடித்த ஜாக்கெட்டுகள், மலையைப் பார்த்துத் திறந்தே கிடக்கும் ஜன்னல். அவள் அங்கே, நான் இங்கே. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மெத்தை நல்ல மெத்தைதான்.

கேட்டிருக்கலாம். கேட்டு, "ஆமா, எனக்குத் தனியாப் படுத்தே பழகிட்டு" என்று அவள் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

ஏப்ரல் 13, ஞாயிறு

குற்றாலம் போனேன். அருவியில் பாறைதான் இருக்கிறது. குரங்குகூட என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

என் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருப்பதைப் பார்த்து உமாவே சொன்னாள், ஒரு ஏசி போட்டுவிடலாம் என்று. "உங்க ரூமுக்கு" என்றாள். சரிதான், என் ரூம்.

அவளுடைய தையல் டேப்பாலேயே அளந்தோம். அது ஐந்தடிதான் இருக்கிறது. ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை நான் பிடிக்க, சுவரோரமாக நகர்ந்து நகர்ந்து பத்துக்குப் பத்து என்று கண்டுபிடித்தோம். மூலையில் இரண்டு பேர் தலையும் முட்டிக்கொண்டது. சிரித்தாள். வந்ததிலிருந்து அவ்வளவு பக்கத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. இன்னும் நாலு சுவர் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அபி போனில், எதற்கும் இரண்டு டன்னாக வாங்கிவிடுங்கள் என்கிறான். அவனுக்கு எல்லாமே பெரிதாக வேண்டும்.

ஏப்ரல் 28, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

தென்காசியில் ஏசி, ஃப்ரிட்ஜ் விற்கும் எபனேசரின் கடைக்குப் போனோம். அறை அளவு சொன்னேன். மேலே மாடி உண்டா, எந்தச் சுவரில் வெயில் விழும் என்றெல்லாம் கேட்டார். அபியின் இரண்டு டன்னைச் சொன்னதும் வேண்டவே வேண்டாம் என்றார். அறைக்கு மிஞ்சின மிஷின் சட்டென்று குளிர்ந்து நின்றுவிடுமாம், காற்றிலுள்ள ஈரம் அப்படியே நிற்குமாம். நம் ஊர்ச் சாரல் காலத்தில் போட்டால் துணியெல்லாம் பூசணம் பிடித்த வாடை அடிக்குமாம். சின்னதாக வாங்கினால் ஓயாமல் ஓடியும் குளிராது. பத்துக்குப் பத்துக்கு ஒரு டன் தாராளம் என்றார்.

அப்புறம் கேட்டார்: "எத்தனை பேரு படுப்பிய அண்ணாச்சி? ஆளு சூடும் கணக்குல வரும்லா."

ஒருத்தன் என்று சொல்ல வேண்டும். கடை முழுக்க ஃபேன் சுற்றுகிறது, எனக்கு வேர்க்கிறது.

உமா அந்தப் பக்கம் ஒரு ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை. "ரெண்டு பேரு" என்றாள். கொஞ்சம் கழித்து, "அந்த ரூமுக்கு இல்ல. பெரிய ரூமு. பன்னெண்டுக்குப் பதினாலு. மேக்க பாத்த சுவரு."

எபனேசர் அப்படியானால் ஒன்றரை டன் என்று எழுதிக்கொண்டார். பன்னிரண்டுக்குப் பதினாலு – எப்போது அளந்தாள்? அந்த ஐந்தடி டேப்பை வைத்துக்கொண்டு, மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல்?

ஸ்கூட்டரில் திரும்பும்போது கேட்டுவிட்டேன், பிறகு எதற்காகச் சின்ன அறையில் கட்டில் போட்டாய் என்று. முதுகுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"நீங்கதான போன்ல சொன்னிய. ஊருக்கு வந்தா தனியா ஒரு ரூமுல கதவை அடைச்சிக்கிட்டுப் படுக்கணும், ஒரு மனுசன் மூச்சுச் சத்தமும் காதுல விழக் கூடாதுன்னு."

சொல்லியிருக்கிறேன். கூட இருந்தவன் குறட்டையில் நொந்துபோய் என்றோ சொன்னது. நான் எப்போதோ மறந்துவிட்டேன். அவள் அதற்கு மெத்தை வாங்கி, தாழ்ப்பாள் அடித்து வைத்திருக்கிறாள்.

"அது அவனுக மூச்சைச் சொன்னேன்ட்டி" என்றேன். வயலோரம் வந்தபோது என் சட்டையைப் பிடித்திருந்த கை கொஞ்சம் இறுகியது.

மே 5, திங்கள்

பெரிய அறையில் ஏசி மாட்டியாயிற்று. ஜன்னலை அடைத்தபோது உமா முகம் வாடியதைப் பார்த்தேன். அவளுக்கு அடைத்த அறையில் மூச்சு முட்டும். எனக்காக அடைக்கிறாள்.

மே 7, புதன்

காலையில் கண் விழித்தால் பக்கத்தில் ஆள் இல்லை. கூடத்தில் பாயை விரித்துச் சேலையை இழுத்துப் போர்த்திச் சுருண்டு கிடந்தாள். நான் பழக்கத்தில் இருபதில் வைத்துவிட்டேன்! அவளுக்குப் பல் கிட்டித்திருக்கிறது. எழுப்பிச் சொல்லியிருக்கலாமே என்றால், "எத்தனையோ நாள் கழிச்சு நல்லாத் தூங்குதிய, எப்படி எழுப்ப?" என்கிறாள்.

சரியான டன் பார்த்து வாங்கி என்ன செய்ய? அவளைக் கூடத்துக்கு விரட்ட வாங்கியது போல ஆகிவிட்டது. மத்தியானம் சாப்பிடும்போது, மறுபடி சின்ன அறைக்கே போய்விடுகிறேன் என்றேன். "போங்க பாப்போம்" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அப்படிச் சொல்லும்போது குரல் உடைந்தது.

மே 11, ஞாயிறு

இருபத்தேழில் வைத்து, ஃபேனை மெல்ல விட்டோம். காற்று விழும் பக்கம் நான், ஜன்னல் பக்கம் அவள். அவளுக்குக் கம்பளி, எனக்குப் பனியன். விடிந்து பார்த்தேன். இருந்தாள்.

மே 16, வெள்ளி

இன்றும் இருந்தாள்.

மே 26, திங்கள்

சாரல் விழுந்துவிட்டது. அபிக்கு ஒரே சிரிப்பு. ஏசி வாங்கினதும் மழையா, இனி அதைத் துணி போட்டு மூடி வைங்க என்கிறான். வைத்தால் வைத்துவிட்டுப் போகிறோம். நேற்று உமா ஜன்னலை அகலத் திறந்து வைத்தாள். மலைக்காற்றும் தூற்றலும் உள்ளே வந்தன. எந்த உறுமலும் இல்லை, நான் எப்போது தூங்கினேன் என்றே தெரியவில்லை.

தையல் மிஷின் இப்போது சின்ன அறையில் இருக்கிறது. தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன்.

வழக்கம்போல விடிந்ததும் எழுத எழுந்திருக்கப் பார்த்தேன். என் கை உமாவின் தலைக்குக் கீழே இருந்தது. அதனால்தான் இதை மத்தியானம் எழுதுகிறேன்.