ஜென்சியின் பந்தும் உன் ஸ்பீக்கர் போனும்

கிழக்குத் தாம்பரம்
திங்கட்கிழமை

அன்பு மகன் காலேபுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், தோஹாவில் நீயும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை, தண்ணீர் லாரிதான் சொல்லி வைத்தும் வந்தபாடில்லை, உன் மனைவி சுஜி ஆபீசுக்கும் வீட்டுக்குமாக அலைகிறாள். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை, அதனால்தான் தாளில் எழுதுகிறேன், சுஜி போட்டோ எடுத்து அனுப்புவாள், முழுவதும் படி.

சனிக்கிழமை உன் மகள் ஜென்சிக்குப் பெரும்பாக்கத்துப் பிள்ளைகளோடு ஃபுட்பால் மேட்ச் நடந்ததே, பாதியில் நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். நெட்வொர்க் எங்கும் போகவில்லை, நான்தான் கட் பண்ணினேன். ஒரு மனிதன் எத்தனை வாரம்தான் வீடியோ காலில் ஸ்பீக்கர் போட்டுப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்து ஓரத்தில் நிற்பது? அந்தப் பக்கம் கோச் ஹர்ஷா "ஜென்சி லெஃப்ட், ஜென்சி பாஸ்" என்று தொண்டை கிழியக் கத்துகிறார், என் கையில் நீ "டாடி சொல்றேன், ரைட்ல ஓடு" என்கிறாய், உன் குரல் வந்து சேருவதற்குள் பந்து அடுத்த கோடிக்குப் போய்விடுகிறது. பிள்ளை யார் பேச்சைத்தான் கேட்கும்? இடைவேளைக்கு முன் நடந்ததை நீயே பார்த்தாய். அவர்கள் கோல்கீப்பர் தடுக்கி விழுந்துவிட்டாள், கோல் காலி, பந்து இவள் காலடியில். அடிக்காமல் நின்று, கோச்சைப் பார்த்தாள், அப்புறம் என் கையிலிருந்த போனைப் பார்த்தாள், அதற்குள் எதிர் டீம் பெண் பந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். உடனே நீ "அறிவு இருக்கா?" என்று கத்தினாய், அத்தனை பேர் முன்னால். தண்ணீர் கொடுக்கப் போனால் பிள்ளை அழுகிறது, "அடின்னு யாருமே சொல்லலியே தாத்தா, இனிமே நான் ஆட வரல" என்கிறது. அறிவை உபயோகிக்க நீயும் கோச்சும் எங்கேயடா விட்டீர்கள்? பெரும்பாக்கத்துப் பிள்ளைகளின் டீச்சர் ஈவ்லின் வாயே திறக்கவில்லை, இடைவேளையில் "இப்ப இன்னா பண்ணலாம், நீங்களே சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார், பிள்ளைகள் கூடிப் பேசி ஆடும் இடத்தை மாற்றிக்கொண்டார்கள்.

நான் போனைப் பையில் போட்டுக்கொண்டு ஹர்ஷாவிடம் போய், "தம்பி, மீதி ஆட்டம் சும்மா உக்காருங்க, தோத்தா தோக்கட்டும்" என்றேன். முறைத்தார், ஆனால் குரல் கட்டியிருந்தது, உட்கார்ந்துவிட்டார். ஜென்சியைக் கெஞ்சித்தான் இறக்கினேன். முதலில் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள், பந்தைப் பறிகொடுத்தாள், மறுபடியும் பறிகொடுத்தாள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தன் பாட்டுக்கு ஓட ஆரம்பித்தாள். தோற்றுத்தான் போனார்கள். ஆனால் ஆட்டோவில் வாய் ஓயவில்லை, "பந்தப் பறிச்ச அந்தப் பொண்ணு எப்பவும் ரைட் கால்லதான் அடிக்கிறா தாத்தா, அடுத்த வாட்டி நான் அந்தப் பக்கமா போய் நிப்பேன்" என்கிறாள். இதை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நீயா, ஹர்ஷாவா?

தூரத்தில் இருக்கிறாய், மகள் பக்கத்தில் இருக்க ஆசைப்படுகிறாய், அது எனக்குப் புரியாமலில்லை. அதற்காக அவள் காலை நீ ஆட்ட முடியாது. வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே, கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வருகிற சனிக்கிழமை மேட்ச் நேரத்தில் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். சாயங்காலம் கூப்பிடு. ஜெயித்தாயா என்று கேட்காதே, என்ன யோசித்து ஆடினாய் என்று கேள். அவள் சொல்லி முடிக்கும்வரை நீ வாயைத் திறக்கக் கூடாது.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத உன் அப்பா,
அசரியா