சாரதி யார் என்று கேட்ட கடிதம்

லா சப்பல், பரிஸ்
ஒக்டோபர் 14

அன்பு மகள் மெலனிக்கு,

போதுமான காலம் பேசாமல் இருந்துவிட்டேன், இனியும் இருந்தால் அது உனக்குச் செய்யும் துரோகம். நாங்கள் இருவரும் சுகம். பிரெஸ்ட் மழைக்குள் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் உனக்கும் கர்த்தர் சுகம் தரட்டும். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, மூன்றாம் மாடிக்கு நிற்காமல் ஏறுகிறாள். மேல்வீட்டு ஜெர்மேன் உன்னை விசாரித்தா. போன செவ்வாய்க்கிழமை தபாற்பெட்டியில் வேகத்தைப் படம் பிடிக்கிற ராடாரின் இன்னொரு கடிதம் கிடந்தது. எண்பதில் ஓட வேண்டிய வீதியில் நூற்றுப் பதினான்கு. புதுச் சாரதிக்குக் காப்புறுதிக் கட்டணம் அதிகம் என்று காரை என் பெயரில் பதிந்தோம், எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிறதுதான், ஆனபடியால் நீ அங்கே மிதிக்கிற மிதிக்கு இங்கே என்னிடம்தான் கேள்வி வருகிறது: காரை ஓட்டியவர் யார்? ஜூனில் வந்த முதற் கடிதத்தை உனக்குக் காட்டவேயில்லை. தண்டப்பணத்தை நானே கட்டினேன், என்னுடைய சாரதிப் பெர்மியில் இரண்டு புள்ளி போனது. அதை அன்பு என்று நினைத்தேன். இந்த முறை அம்மா உன்னிடம் சொல்லிவிட்டாள். நீ சொன்ன மறுமொழியையும் ஒரு சொல் விடாமல் எனக்குச் சொன்னாள். "அப்பாவின்ரை பெயரைக் குடுங்கோ அம்மா, எனக்கு ஆறு புள்ளிதானே இருக்கு. அவர் இப்ப கார் ஓடுறேல்லைத்தானே, அவருக்கு ஏன் புள்ளி?"

மகள், நான் ஏன் ஓடுவதில்லை என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. உனக்கு அப்போது பதின்மூன்று வயது. கூசேன்வில் களஞ்சியத்திலிருந்து இந்தத் தெருக் கடைகளுக்கெல்லாம் வான் ஓடிச் சாமான் இறக்கினேன். பட்டதாரிக்கு ஏற்ற வேலை இல்லைதான், ஆனாலும் வான் திறப்பு என் கையில் இருந்தது. லாசர் பெரியப்பா டாக்சி ஓடினார். அவருடைய சொந்தக் காரிலும் ராடார் அடித்துக்கொண்டே இருந்தது. கடிதத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "ஒரு வயித்திலை பிறந்தனாங்கள், புள்ளியிலை என்னடா உன்ரை என்ரை?" என்று கேட்டார். மூன்று தடவை ஓட்டியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன், என் பன்னிரண்டு புள்ளியில் ஒன்பது போனது. மிச்சமாக இருந்த மூன்றும், ஒருநாள் கையில் தொலைபேசியோடு பிடிபட்டபோது போயின, பெர்மியும் பறிபோனது. முதலாளி ஒரு வாரம் கூடப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து நிலக்கீழ்ச் சமையலறையில் தட்டுக் கழுவுகிறேன். மறுபடி பரீட்சை எழுதி, இரண்டு முறை விழுந்து, நாற்பத்தாறு வயதில் இரவல் காரின் பின்னால் புதுச் சாரதிகள் ஒட்டுகிற அந்தச் சிவப்பு A-யை ஒட்டிக்கொண்டு ஓடினேன். வேலை காத்திருக்கவில்லை. பிறகு ஓட மனமும் வரவில்லை. போன வருடம் பஜோல் தெருவில் தேரன்று, சனத்துக்கு நடுவில் பெரியப்பா புதுக் காரின் கண்ணாடியை இறக்கி, "என்னடா, இப்பவும் மெற்றோதானோ?" என்று கேட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதுமில்லை. அது என் பாவக் கணக்கில் இருக்கட்டும். ஆனால் உன் வாயிலிருந்து அதே கதை வந்தபோதுதான் நெஞ்சு விட்டுப்போனது.

உன் பெயரைக் கொடுத்தால் மூன்று புள்ளி போகும், மூன்று மிஞ்சும். என் பெயரைக் கொடுத்தால் உனக்கு ஆறும் இருக்கும், காலும் அதே மாதிரி மிதிக்கும், ஒருநாள் ராடார் அல்ல, ஒரு மரம் உன்னை மறிக்கும். மரத்துக்கு எந்த அப்பாவின் பெயரைக் கொடுப்பது? பதிவுத் தபால் வரும், எடுக்காமல் திருப்பி அனுப்பாதே. நான்கு மாதத்துக்குள் அது சொல்லும் இரண்டு நாள் வீதிப் பாதுகாப்பு வகுப்புக்குப் போ, வேலையில் விடுப்பு இப்போதே கேள். தொலைபேசியை முன்தட்டுப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டு, நோயாளி கூப்பிட்டாலும் ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசு. ஊசி போட்ட வீட்டில் கிழவர்கள் அன்பாக ஒரு கிளாஸ் வைன் நீட்டுவார்கள், புதுச் சாரதி உனக்கு அந்த ஒன்றே அதிகம், ஆறு புள்ளியும் ஒரேயடியாகப் போகும். வெட்கப்பட்டு A-யை உரித்துவிடாதே. காலையில் பிந்திவிட்டால் பிந்தியே போ. உன் பெர்மி போனால் அந்தக் கிராமங்களுக்கு உன்னை யாரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள், வேலையும் போகும். நிலக்கீழ்ச் சமையலறையில் இன்னும் இடம் இருக்கிறது, அங்கே உன்னைப் பார்க்க எனக்குச் சக்தியில்லை.

பெர்மி அட்டை வந்த அன்று, சிரித்துக்கொண்டு அதைக் கன்னத்தோடு பிடித்து எனக்கு ஒரு படம் அனுப்பினாய். அதைச் சமையலறையில் எல்லோருக்கும் காட்டினேன். இன்று அந்தப் படத்தைப் பெரிதாக்கித்தான் உன் பெர்மி எண்ணைப் பார்த்து எழுதினேன். ராடார் படிவத்தில் சாரதி என்ற இடத்தில் உன் பெயரை எழுதி, கீழே என் கையெழுத்தை வைத்துவிட்டேன். அம்மா என்னோடு பேசுவதில்லை. நீயும் கொஞ்ச நாள் பேச மாட்டாய், தெரியும். மாதா உன் பயணமெல்லாம் கூட வரட்டும். பின் சக்கரங்களுக்குக் காற்றுப் பார், மறக்காதே.

அதே பேனாவால் இதற்குக் கீழே அப்பா என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. இந்தக் கடிதம் கையெழுத்து இல்லாமலே வரட்டும். படிவத்தையும் இதையும் ஒன்றாகத் தபாலில் போடப் போகிறேன், அதை அரசாங்கத்துக்கு, இதை உனக்கு.