இருமலும் வியாதிதான்

ஏங்க, கிட்ட வாங்க, ஒரு கதை சொல்கிறேன்.

பீங்கான் பட்டறைக்காரர் ஒருவரிடம் மருத்துவ இன்சூரன்ஸ் ஏஜெண்டு இளவழகன், "வியாதி எதுனா இருக்குதுங்களா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லிங்க" என்றார் இவர். ஏஜெண்டு போனதும் பெண்டாட்டியிடம், "பட்டறையில எவன்டி இருமாம இருக்கான்? அதெல்லாம் வியாதியா?" என்றார்.

அந்தப் புளுகர் நீங்கள்தான்! வயசையும் வியாதியையும் பார்த்துத்தான் பிரிமியம் போடுகிறார்கள். மறைத்தது தெரிந்தால், ஆஸ்பத்திரியில் படுக்கும்போது பாலிசி செல்லாது என்று கைவிரித்துவிடுவார்கள்.

ஏஜெண்டு விட்டுப்போன படிவத்தில் "ஐந்து வருஷமாக இருமல்" என்று நானே எழுதிவிட்டேன். பிரிமியம் கூடினால் கூடட்டும். சாயங்காலம் வருவார், வாய் பேசாமல் கையெழுத்துப் போடுங்கள்.

நான் பெண்ணாடம் வரைக்கும் போய்விட்டு வருகிறேன். கருவாட்டுக் குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது.

அப்புறம், துளசி போட்ட வெந்நீர் பிளாஸ்க்கில் இருக்கிறது, குடியுங்கள். நம் வூட்டில் உங்கள் குரல் நூறு வயசு வரைக்கும் இருமாமல் கேட்கட்டும்.