உடன் வரும் நபர்

அன்புள்ள அக்காவுக்கு,

ஐம்பதை நெருங்கும் ஒருத்தி இன்னொருத்தியிடம் போய், எனக்குக் கொஞ்சம் சிநேகிதியா இருங்க என்று எப்படிக் கேட்பது? எனக்குத் தெரியவில்லை. நீயோ போனில், யாராவது ஃப்ரெண்டைக் கூட்டிட்டுப் போயேன்டி என்று, பால் பாக்கெட் வாங்கச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டாய்.

நாளைக் காலை வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். மயக்க ஊசி போடுவதால் துணைக்கு ஆள் இல்லாமல் செய்யமாட்டார்களாம். போன வாரம் தனியாகப் போய் நின்றேன். வீட்டுக்காரர், பிள்ளைங்க, அக்கம்பக்கம்னு ஒருத்தருமே இல்லையா மேடம் என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி விசாரித்துவிட்டு, நர்ஸ் திருப்பி அனுப்பினாள். இனிமேல் தள்ளிப்போடாதீங்க என்று டாக்டர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரி இருக்கிறாளே, அவளும் நானும் பல வருடங்களாக ஒரே ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து பாடப்புத்தகப் பிழை திருத்துகிறோம். வேறு எதுவும் பேசியதில்லை. வாயால் கேட்க வரவில்லை, மெயில் எழுதினேன். தங்களுக்கு இடையூறு நேராத பட்சத்தில், மருத்துவமனைக்கு உடன் வரும் நபராக என்றெல்லாம். சற்று நேரத்தில் நாற்காலியைத் திருப்பி, என்ன மேடம், இது எந்தப் பாடத்துல வருது, நான் பிழை பாக்கணுமா என்றாள். ஆமாம் என்றேன். ஒரு காற்புள்ளி சேர்த்துக் கொடுத்தாள். நன்றி சொன்னேன்.

நீ இருந்தால் தலையில் அடித்துக்கொள்வாய். மற்றபடி இங்கே குறையில்லை. மளிகை, மாத்திரை எல்லாம் வாசலுக்கே வருகின்றன. குழாய் ரிப்பேருக்குக்கூட போனைத் தட்டினால் ஆள் வருகிறான். என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே காத்திருக்கத்தான் எந்தக் கடையிலும் ஆள் கிடைப்பதில்லை.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே.

மறுநாள் மாலை.

நேற்று இதைத் தபாலில் போடவில்லை. மயக்க ஊசி வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தொண்டை மரத்துப்போக மருந்து அடித்துவிட்டுக் குழாயை இறக்கினார்கள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். எவ்வளவு தைரியம் பாருங்க இவங்களுக்கு என்று, அதே நர்ஸ் அடுத்த நோயாளிக்கு என்னைக் காட்டினாள். அந்த அம்மாளின் கையை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். நான் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

வியாழக்கிழமை முடிவு தெரியும். அன்றைக்கு மட்டும் போனை வேறு அறையில் வைத்துவிடாதே, அக்கா.

உன் தங்கை