பதினோரு பாட்டும் ஒரு பேட்டரியும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான் சுகம். அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ "நல்லாருக்கேன்பா, வேலை இருக்கு" என்று வைத்துவிடுவாய். நானும் "சரிம்மா" என்று வைத்துவிடுவேன். இதைச் சொல்ல அவ்வளவு நேரம் போதாது.

முதலில் என் பொய்யை ஒத்துக்கொள்கிறேன். விளையாட்டை விட்டுவிட்டு நீ பாட்டுக் கட்டிக்கொண்டிருந்த அந்தப் பழைய கையடக்கக் கேம் பெட்டியை அனுப்பச் சொல்லி நீ கேட்டு மூன்று வாரமாகிறது. கூரியர்காரன் வரவில்லை, வந்தபோது கடை பூட்டியிருந்தது, இப்போது அவனுக்குக் காய்ச்சல் என்று வாரம் ஒரு கதை சொன்னேன். அந்த ஆள் தினமும் என் கடிகாரக் கடை வாசலைத் தாண்டித்தான் போகிறான், குத்துக்கல்லாட்டம் இருக்கிறான். அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

நீ கேட்ட அன்றே பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். அடுத்த மாதம் மேடையில் அதை வைத்துத்தான் வாசிக்கப் போவதாகச் சொன்னாயே, வேலை செய்கிறதா என்று பார்க்க அதை முடுக்கினேன். பச்சைத் திரையில் உன் பாட்டுகளின் பட்டியல் வந்தது. பதினொன்று. எட்டு எழுத்துக்கு மேல் இடமில்லாததால் எல்லாம் பாதிப் பாதிப் பெயர்கள். கடைசிப் பெயர் மட்டும் முழுசாக இருந்தது, அம்மா என்று. அதைப் போட்டுக் கேட்க மனசு வராமல் அணைத்துவிட்டேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். மறுநாள் கடையில் உட்கார்ந்து, பெட்டியின் முதுகில் செருகியிருந்த உன் பாட்டுக் கேசட்டைத் திறந்தேன். உள்ளே கைக்கடிகாரத்தில் போடுகிற மாதிரி ஒரு வட்ட பேட்டரி. அளந்து பார்த்தால், மூன்று வோல்ட் இருக்க வேண்டியது இரண்டுக்கு இறங்கியிருந்தது. மேடையில் நிற்கும்போது அது செத்துப்போனால் என் மகள் என்ன செய்வாள் என்று பதறி, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். முப்பது வருஷமாகச் செய்கிற வேலை. கடிகாரத்தில் பேட்டரி மாற்றினால் நேரத்தைத் திருப்பி வைக்க வேண்டும், அவ்வளவுதானே. இதிலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

மூடிப் போட்டுப் பார்த்தேன். பட்டியல் காலியாக இருந்தது.

பக்கத்துக் கடையில் செல்போன் ரிப்பேர் செய்கிற பெண்ணிடம் ஓடினேன். பாட்டுகளைப் பிடித்து வைத்திருந்ததே அந்தப் பேட்டரிதான் என்றாள். கழற்றுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்திருக்கலாமாம். "ஏண்ணா, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள். இதே கேள்வியை நீ ஒருமுறை கேட்டிருக்கிறாய். அம்மா இறந்த ஒரு மாதத்தில் அவளுடைய தையல் மெஷினை நான் யாருக்கோ கொடுத்தனுப்பினேனே, அன்றைக்கு. இடத்தை அடைக்கிறது என்று உன்னிடம் சொன்னேன். அதுவும் பொய்தான். தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

பத்துப் பாட்டு போனது போனதுதான். அவற்றை நான் காது கொடுத்துக் கேட்டதே இல்லை. அம்மா பாட்டு மட்டும் எனக்குத் தெரியும். நீ ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் ஆறு மாதம், ஞாயிறு மத்தியானமெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் அதையே போட்டுக்கொண்டிருந்தாய். எலிக்குப் பல்வலி வந்த மாதிரி இருக்கிறது என்று கிண்டல் செய்தேன். அந்த எலி என் காதுக்குள்ளேயே குடியிருக்கிறது என்பது இப்போதுதான் தெரிந்தது.

பெட்டியில் பாட்டு ஏற்றும் விதத்தை, நீ எழுதி வைத்துவிட்டுப் போன நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். நாலு தடம்: இரண்டில் மெட்டு, ஒன்றில் அடிக்குரல், ஒன்றில் வெறும் இரைச்சல். திரையில் பக்கத்துக்குப் பதினாறு வரி. ஒன்பதுக்கு அடுத்து பத்து வராமல் ஆங்கில எழுத்து வருகிற உங்கள் கணக்கு பிடிபட எனக்கு நாலு நாள் ஆனது. கடையடைத்து வந்து உன் அறையில் உட்கார்ந்து, காதில் இருப்பதோடு ஒட்டுகிற வரைக்கும் ஒவ்வொரு சுரமாக ஏற்றி இறக்கிப் பார்ப்பேன். நடுவில் கூப்பிட ஆளில்லை. இந்த வீட்டில் இப்போது தட்டு வைக்கிற சத்தம்கூட என்னுடையது மட்டும்தான்.

அந்த இரைச்சல் தடம்தான் படியவில்லை. மெதுவாகத் தொடங்கும், வேகமெடுக்கும், சட்டென்று நிற்கும், கொஞ்சம் பொறுத்து மறுபடி தொடங்கும். எப்படிப் போட்டாலும் தாளத்துக்குள் அடங்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காலால் தரையில் தட்டிப் பார்த்தேன். பாதம் தானாகப் பெடல் மிதித்தது. அம்மாவின் மெஷின். அது நிற்கிற இடமெல்லாம் அவள் துணியைத் திருப்புகிற இடம். நான் கொடுத்தனுப்பியதை நீ அந்தச் சின்னப் பெட்டிக்குள் திரும்பக் கொண்டுவந்து வைத்திருந்தாய். ஆறு மாதம் கேட்டும் இந்த மரமண்டைக்குப் புரியவில்லை. உன் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன்.

பெட்டியை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருக்கும், நீ வைத்த பெயர்தான். மெட்டில் தப்பிருக்கும், திட்டிக்கொண்டே திருத்திக்கொள். ஆனால் அதற்கு முடிவு இல்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதே, எனக்குத் தெரியாது. மெட்டு மேலே ஏறுகிற இடம் வந்ததும் ஒவ்வொரு முறையும் நான் சுவரில் தட்டி, "போதும், நிறுத்தும்மா" என்பேன். நீயும் நிறுத்திவிடுவாய். அதைத் தாண்டி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பாட்டின் கடைசிப் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். மேடையில் உனக்கு ஒரு குறையும் வராது, நன்றாக வாசி. கோபம் ஆறும்வரை என்னோடு பேச வேண்டாம். இதை மட்டும் எப்படியாவது எனக்குத் தெரியப்படுத்து: கடைசியில் அந்த மெஷின் நின்றுவிடுகிறதா, ஓடிக்கொண்டே இருக்கிறதா? நீ இங்கே வந்து உன் அறையிலிருந்தே வாசித்துக் காட்டினாலும் சரி. சுவருக்கு இந்தப் பக்கம் நான் சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா